பனியன் கம்பெனியில் புது சூப்பர்வைசரா? ஆளை எடைபோடும் முன் பார்க்க வேண்டியவை

திருப்பூரில் லைன் சூப்பர்வைசர் ஆகிறவர்கள் இரண்டு வழியில் வருகிறார்கள். டெய்லராகவோ செக்கிங்கிலோ சில வருடம் இருந்து மேலே வருபவர்கள் ஒரு பக்கம், டிப்ளமோ முடித்துவிட்டு நேராக வருபவர்கள் இன்னொரு பக்கம். மெஷின், ஊசி, அளவு எல்லாம் சொல்லிக்கொடுக்க இரண்டு தரப்புக்கும் ஆள் உண்டு. முப்பது நாற்பது பேரை வைத்து வேலை வாங்குவது எப்படி என்று கேட்டால் மட்டும் "போகப் போகப் பழகிடும்" என்பதோடு சரி. உண்மைதான், பழகிவிடும். ஆனால் முதலில் பழகுவது ஆட்களுக்கு முத்திரை குத்துவதுதான்.

இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் போகும் ஊர் இது. தேனிக்காரரும் ஒடிசாப் பெண்ணும் பீகார் பையனும் ஒரே லைனில் அடுத்தடுத்த மெஷினில் உட்கார்ந்திருப்பார்கள். யார் ஏன் தாமதமாக வந்தார், யாருடைய பீஸ் ஏன் ஆல்ட்ரேஷனுக்கு (பிரித்துத் திருத்தித் தைக்க) திரும்பியது என்று காலையிலிருந்து இரவு வரை நீங்கள் தீர்ப்பு சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். நடந்ததற்குக் காரணம் ஆளா, சூழ்நிலையா என்று மனிதர்கள் எப்படி முடிவு கட்டுகிறார்கள் என்பதை உளவியல்காரர்கள் எழுபது எண்பது வருடமாக ஆராய்கிறார்கள். அதில் ஷாப் ஃப்ளோரில் கைகொடுப்பதை மட்டும் எடுத்து, நீங்கள் சந்திக்கப்போகும் சந்தர்ப்பங்களின் வரிசையில் சொல்கிறேன்.

பொறுப்பு வாங்கும் நாளில்

பழைய சூப்பர்வைசர் உங்களுக்கு லைனைச் சுற்றிக் காட்டுவார். "இவன் சோம்பேறி. அந்தக்கா வாயாடி. இந்த மூணு பேரும் வடக்கு, சொன்னா மண்டையில ஏறாது. அந்தப் பையன் தங்கம்." அவர் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. உங்களுக்கு உதவுவதாக நினைத்துத்தான் சொல்கிறார்.

ஆனால் இந்த ஒற்றைச் சொற்களுக்கு இருக்கும் பலம் அதிகம். சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1946-இல் ஒரு சோதனையை வெளியிட்டார். முகம் தெரியாத ஒருவரின் குணங்கள் என்று ஏழு சொற்களை மாணவர்களிடம் வாசித்துக் காட்டினார். இரண்டு பட்டியல்களிலும் ஆறு சொற்கள் ஒன்றே. மீதி ஒன்று மட்டும் ஒரு குழுவுக்கு 'அன்பானவர்', மற்றதற்கு 'ஒட்டாதவர்' என்ற பொருளில் இருந்தது. அந்த ஒரு சொல் மாறியதற்கே, அவர் தாராள மனசுக்காரரா, சந்தோஷமானவரா என்பது வரை இரண்டு குழுவும் வேறு வேறு மனிதரைக் கற்பனை செய்துகொண்டார்கள்.

ஆகவே பட்டம் வந்தால் சம்பவத்தைக் கேளுங்கள். "சோம்பேறின்னா எப்படிண்ணா? என்னைக்கு என்ன நடந்துச்சு, எந்த மெஷின், எந்த ஸ்டைல்?" என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பட்டங்களுக்குப் பின்னால் ஒரே ஒரு நாள்தான் இருக்கும். சிலவற்றுக்குப் பின்னால் ஒன்றுமே இருக்காது. சம்பவம் கிடைத்தால் குறித்துக்கொள்ளுங்கள், பட்டத்தை அவரிடமே விட்டுவிடுங்கள். 'தங்கம்' என்ற பட்டத்துக்கும் இதே விதிதான். தங்கப் பையனின் பீஸை யாரும் ஒழுங்காகத் திருப்பிப் பார்ப்பதில்லை என்பது நாலு மாதம் கழித்து பையர் (சரக்கு வாங்கும் கம்பெனி) தரப்பு ஆய்வாளர் வரும்போது தெரியவரும்.

முதல் வாரம்: நோட்டுப் புத்தகம்

ஒரு நோட்டு வாங்கிப் பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடது பக்கம் கண்ணால் கண்டது மட்டும்: "10.40, ஓவர்லாக் 6, பண்டல் தீர்ந்து உட்கார்ந்திருந்தார்." (ஓவர்லாக் என்பது துணி ஓரம் தைக்கும் மெஷின், பண்டல் என்பது தைக்க வரும் துணிக் கட்டு.) வலது பக்கம் காரணம். வலது பக்கத்தைச் சாயங்காலம் வரை நிரப்பக் கூடாது. "சும்மா உட்கார்ந்திருந்தான்" என்று எழுதினால் அது கண்டதும் கருத்தும் கலந்தது. அது இடது பக்கத்தில் வரவே கூடாது.

அப்புறம், எல்லாருடைய பெயரையும் முதல் வாரத்திலேயே படித்துவிடுங்கள். "ஏய் பையா" என்று கூப்பிடும்வரை அந்த ஐந்து பேரும் உங்கள் மண்டையில் ஒரே ஆளாகத்தான் இருப்பார்கள். உள்ளூர் ஆட்களை "வாங்க, போங்க" என்றும் வெளிமாநில ஆட்களை "வாடா, போடா" என்றும் பேசும் பழக்கம் பல கம்பெனிகளில் காற்றோடு கலந்திருக்கிறது. தமிழ் தெரியாதவர்களுக்கு அது புரியாது என்று நினைக்காதீர்கள். வந்த மூன்றாவது மாதத்தில் அவர்களுக்கு முதலில் புரிகிற தமிழ் இதுதான்.

முதல் தவறு வரும்போது

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இது ஒன்று கையில் இருந்தால் போதும்.

ஒரு டெய்லரின் பீஸ்களில் தையல் விட்டுவிட்டு விழுகிறது. செக்கிங்கிலிருந்து ஒரு கட்டு திரும்பி வருகிறது. வாயில் முதலில் வருவது, "கவனம் இல்லை." ஹெரால்ட் கெல்லி என்ற அமெரிக்க உளவியலாளர் 1967-இல் இதற்கு மூன்று கேள்விகளைக் கொடுத்தார்.

ஒன்று, இதே வேலையில் மற்றவர்களுக்கும் இது நடக்கிறதா?
இரண்டு, இவருக்கு வேறு மெஷினிலும் வேறு ஸ்டைலிலும் (ஆடை மாதிரியிலும்) இது நடக்கிறதா?
மூன்று, இவருக்கு இதே இடத்தில் எப்போதும் நடக்கிறதா, இன்றைக்கு மட்டுமா?

மூன்றுக்கும் விடை தேட பத்து நிமிடம் போதும். முதலில் பக்கத்து ஓவர்லாக்கில் அதே துணி ஓடும் பண்டலைப் பிரித்துப் பாருங்கள். அங்கேயும் தையல் விடுகிறது என்றால் ஆளை விட்டுவிட்டுத் துணியையும் ஊசியையும் பாருங்கள். லைக்ரா கலந்த துணிக்குப் பொருந்தாத ஊசி போட்டிருந்தால் எப்பேர்ப்பட்ட டெய்லர் தைத்தாலும் விடும். பக்கத்தில் சரியாக விழுகிறது என்றால் இரண்டாவது கேள்விக்குப் போங்கள். அவரைப் பக்கத்து மெஷினில் உட்காரவைத்து ஐந்து பீஸ் தைக்கச் சொல்லுங்கள், அவருடைய மெஷினில் வேறு ஒருவரை உட்கார வையுங்கள். ஆள் மாறியும் பழைய மெஷினிலேயே தையல் விட்டால் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியதுதான். அவர் எங்கே உட்கார்ந்தாலும், எந்த ஸ்டைலிலும், எல்லா நாளும் விடுகிறது, மற்றவர்களுக்கு விடுவதில்லை என்றால் மட்டுமே ஆள்மீது காரணம் சொல்ல உங்களுக்கு ஆதாரம் இருக்கிறது. அப்போதும் அது 'கவனக்குறைவு' என்று ஆகிவிடாது. துணியைக் கையால் இழுத்துவிடும் பழக்கமாக இருக்கலாம், பயிற்சி போதாமல் இருக்கலாம், கண்ணாடி போட வேண்டிய கண்ணாகவும் இருக்கலாம்.

இன்றைக்கு மட்டும் என்றால் இன்றைக்கு என்ன என்று கேளுங்கள். நேற்று ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு, ஹாஸ்டலில் ராத்திரி தண்ணீர் வராமல் காத்திருந்து, நாலு மணி நேரம் தூங்கிவிட்டு வந்தவராக இருப்பார். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டால் சொல்வார்கள். லைன் நடுவில் நின்று கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள்.

இந்த மூன்று கேள்விகளையும் நாம் ஏன் தாண்டிப் போகிறோம்? நடப்பதில் கண்ணுக்குத் தெரிவது ஆள்தான். தேய்ந்த ஊசி தெரிவதில்லை. 1967-இல் ஜோன்ஸும் ஹாரிஸும் நடத்திய சோதனை ஒன்று உண்டு. கியூபாவின் காஸ்ட்ரோவை ஆதரித்தோ எதிர்த்தோ எழுதிய கட்டுரைகளை மாணவர்களிடம் கொடுத்து, எழுதியவரின் உண்மையான கருத்து என்ன என்று கேட்டார்கள். "எந்தப் பக்கம் எழுத வேண்டும் என்று அவருக்கு உத்தரவு இருந்தது, அவராகத் தேர்ந்தெடுக்கவில்லை" என்று சொன்ன பிறகும், எழுதியதுதான் அவருடைய கருத்து என்ற பக்கமே பலர் சாய்ந்தார்கள். அதாவது கட்டாயம் இருந்தது தெரிந்தும் ஆளின் கணக்கிலேயே எழுதினார்கள். இந்தச் சாய்வுக்கு 1977-இல் லீ ராஸ் ஒரு பெயரும் வைத்தார்: அடிப்படைக் காரணப் பிழை. மூன்று மெஷினுக்கு ஒரு ஹெல்பர் (பண்டல் எடுத்துக் கொடுப்பவர்) என்று ஆளைக் குறைத்தது மேனேஜ்மென்ட் என்று தெரிந்தும், பண்டல் வராமல் உட்கார்ந்திருக்கும் டெய்லரைப் பார்த்ததும் கோபம் அவர்மேல் வருகிறதே, அதுதான்.

"நாம அப்படி இல்லைங்க, நாம சூழ்நிலையைப் பார்ப்போம்" என்று யாராவது சொன்னால் முழுப் பொய் என்று சொல்ல முடியாது. ஜோன் மில்லர் 1984-இல் வெளியிட்ட ஆய்வில் சிகாகோக்காரர்களையும் மைசூர்க்காரர்களையும் ஒப்பிட்டார். தெரிந்தவர்கள் செய்த தவறுகளை விவரிக்கும்போது அமெரிக்கப் பெரியவர்கள் ஆளின் குணத்தை அதிகம் சொன்னார்கள், மைசூர்ப் பெரியவர்கள் சூழ்நிலையை அதிகம் சொன்னார்கள். சிறு குழந்தைகளிடம் இந்த வேறுபாடு பெரிதாக இல்லை. ஆக, இது வளர வளரக் கற்றுக்கொள்வது. என் சந்தேகம் என்னவென்றால், அந்தப் பெருந்தன்மையை நாம் நம்மவர்களுக்கு மட்டும் ஒதுக்கி வைத்துக்கொள்கிறோம்.

முதல் லீவு கேட்கும்போது

மதுரைப் பக்கத்து ஆள் குலதெய்வக் கும்பிடுக்குப் போய் இரண்டு நாள் கழித்து வந்தால், "ஊர்ல சாமி கும்பிடு, என்ன பண்றது" என்கிறோம். பீகார்க்காரர் சட் பூஜைக்குப் போய் இரண்டு நாள் தாமதமாக வந்தால், "இவனுங்களுக்குப் பொறுப்பே கிடையாது" என்கிறோம். நடந்தது ஒன்றுதான். முதலாவதற்குச் சூழ்நிலை, இரண்டாவதற்குக் குணம், அதுவும் ஒட்டுமொத்தக் கூட்டத்தின் குணம். இதைத் தாமஸ் பெட்டிக்ரூ என்ற உளவியலாளர் 1979-இல் எடுத்துச் சொன்னார். இதன் மறுபக்கம் இன்னும் நுட்பமானது. அதே பீகார்க்காரர் தினமும் டார்கெட்டைத் தாண்டினால், "இவன் அவனுங்க மாதிரி இல்ல" என்று அவரைக் கூட்டத்திலிருந்து பிரித்துவிடுவோம். கூட்டத்தைப் பற்றிய கணிப்புக்கு ஒரு கீறலும் விழாது.

இதற்கு மருந்து காலண்டர். சட் பூஜை தீபாவளி கழிந்து ஆறாவது நாளில் வரும். தண்ணீர்கூடக் குடிக்காமல் ஒன்றரை நாள் விரதம் இருக்கும் பண்டிகை அது, வீட்டில் அம்மாவோ மனைவியோ விரதம் இருக்கும்போது மகன் திருப்பூரில் இருப்பது அங்கே பெரிய குறை. ஒடிசாக்காரர்களுக்கு ஜூன் நடுவில் மூன்று நாள் ரஜ பண்டிகை, அசாமியருக்கு ஏப்ரல் நடுவில் பிஹு. தமிழ் ஆட்களுக்குப் பொங்கலும் ஊர்த் திருவிழாக்களும். எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி ஒட்டுங்கள். ரயில் முன்பதிவு 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. ஆகவே பண்டிகைக்கு மூன்று மாதம் முன்பே யார் யார் போகிறீர்கள் என்று கேட்டு, முன்பதிவு திறப்பதற்குள் லீவை உறுதி செய்துவிடுங்கள். திரும்பி வரும் டிக்கெட்டையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். 'பொறுப்பில்லாமல்' தாமதமாக வருபவர்களில் பலர் திரும்ப டிக்கெட் கிடைக்காமல் நின்றவர்கள்தான்.

புது ஸ்டைல் லைனில் ஏறும்போது

எல்லாரையும் கூட்டி நிறுத்தி விளக்கிவிட்டு, "புரிஞ்சுதா?" என்பீர்கள். எல்லாரும் தலையாட்டுவார்கள். அந்தத் தலையாட்டலுக்குப் பொருள் 'நீங்கள் பேசியது காதில் விழுந்தது' என்பது மட்டும்தான். புது இடத்தில், எல்லார் முன்னாலும், "புரியலை" என்று சொல்லும் தைரியம் உள்ளூர் ஆட்களுக்கே வராது.

எனவே புரிந்ததா என்று கேட்காதீர்கள். செய்து காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொருவரும் இரண்டு பீஸ் தைத்துக் காட்டிய பிறகு லைன் ஓடட்டும். அரை மணி நேரம் போகும்தான். ஆயிரம் பீஸைப் பிரித்துத் தைப்பதற்கு எவ்வளவு நேரம் என்று கணக்குப் போட்டால் அந்த அரை மணி நேரம் வலிக்காது.

'வடக்கு' என்பது ஒரு மொழி அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். ஒடியா, வங்காளம், அசாமி, போஜ்புரி, மைதிலி, சந்தாலி எல்லாம் வேறு வேறு. ஜார்க்கண்டிலிருந்து வந்த சந்தாலிப் பெண்ணுக்கு இந்தி வெறும் பள்ளியில் படித்த பாஷையாக இருக்கலாம். இந்தியில் ஒரு நோட்டீஸ் ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். சரியான பீஸ் ஒன்று, தவறான பீஸ் ஒன்று, பக்கத்தில் பச்சை சிவப்பு ஸ்டிக்கர் என்று தொங்கவிட்டால் எந்த மொழியும் தேவையில்லை. லைனில் காது கேளாதவர் இருந்தால் பின்னாலிருந்து தோளைத் தட்டாதீர்கள், ஊசியில் கை போய்விடும். எதிரே வந்து நில்லுங்கள்.

மொழிபெயர்க்க எப்போதும் ஒரே ஆளைக் கூப்பிடுவதிலும் வில்லங்கம் உண்டு. அவர் பெரும்பாலும் ஆட்களை அனுப்பிவைக்கும் கான்ட்ராக்டரின் ஆளாக இருப்பார். கான்ட்ராக்டருக்குப் பிடிக்காத எதுவும் அந்த வழியாக உங்களிடம் வராது.

மெஷின் ஒதுக்கும்போது

நல்ல மெஷின் யாருக்கு, காலர் போன்ற நுணுக்கமான வேலை யாருக்கு, வாழ்நாள் முழுக்கப் பிசிர் வெட்டும் வேலை யாருக்கு? இதை நாம் திறமையைப் பார்த்துக் கொடுப்பதாக நினைக்கிறோம். பல நேரம் எதிர்பார்ப்பைப் பார்த்துக் கொடுக்கிறோம், அப்புறம் அந்த எதிர்பார்ப்பே பலித்துவிடுகிறது. ரோசென்தாலும் ஜேக்கப்சனும் 1968-இல் வெளியிட்ட பள்ளி ஆய்வு இதைப் பற்றியதுதான். கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கிய சில குழந்தைகளை "இவர்கள் சீக்கிரம் முன்னுக்கு வருவார்கள்" என்று ஆசிரியர்களிடம் சொல்லிவைத்தார்கள். குறிப்பாகச் சிறு வகுப்புகளில், அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிட முன்னேறியதாகக் கண்டார்கள். அந்த அளவீடுகள்மீது பின்னால் நிறைய விவாதம் நடந்தது. ஆனால் பழைய மெஷினைக் கொடுத்துவிட்டு "இவனுக்கு ஸ்பீடு வராது" என்பது எப்படிப் பலிக்கும் என்பதைப் புரிந்துகொள்ள ஆய்வே வேண்டாம்.

மாதம் ஒருமுறை, நோட்டில் கடினமான ஆபரேஷன்களை யார் யார் பார்த்தார்கள் என்று எழுதிப் பாருங்கள். ஒரே ஊர்க்காரர்கள், ஒரே சாதிக்காரர்கள், ஆண்கள் மட்டும் என்று வந்தால் மாற்றிப் போடுங்கள். பீஸ் ரேட்டில் (தைத்த பீஸ் கணக்குக்குக் கூலி) ஓடும் இடத்தில் இது மரியாதைப் பிரச்சினை மட்டுமல்ல. சனிக்கிழமை கையில் வாங்கும் சம்பளமே மாறும்.

ஆள் எடுக்கும்போது

டிரையல் பீஸ் தைக்க வைப்பீர்கள். ஒவ்வொரு பீஸிலும் பெயர் இல்லாமல் நம்பர் மட்டும் ஒட்டி, யார் தைத்தது என்று தெரியாத ஒரு செக்கரிடம் கொடுத்து மார்க் போடச் சொல்லுங்கள். பெயரைப் பார்த்தாலே கணிப்பு மாறிவிடும் என்பது வெறும் பேச்சல்ல. சுகதேவ் தோரட்டும் பால் அட்டிவெல்லும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், இந்தியத் தனியார் நிறுவனங்களின் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை அனுப்பினார்கள். பெயர் மட்டும் வேறு: உயர்சாதி இந்து, தலித், முஸ்லிம். தலித், முஸ்லிம் பெயர்களுக்கு அழைப்பு குறைவாக வந்தது. "எந்த ஊரு, எந்தத் தெரு, யாரு வீடு?" என்று நீளும் நம் விசாரணை எங்கே போய் முடியும் என்பது உங்களுக்கே தெரியும். ஊரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டிரையலுக்கு அதுகூடத் தேவையில்லை.

பேச்சும் கையும் எல்லை மீறும்போது

சாதிப் பெயர் சொல்லிக் கிண்டல், மதத்தை வைத்துக் கிண்டல் எல்லாம் உங்கள் காதில் விழுந்த அன்றைக்கே நிற்க வேண்டும். நீங்கள் சிரித்துவிட்டால் லைன் முழுக்க அனுமதி கொடுத்ததாக அர்த்தம்.

பாலியல் தொந்தரவு என்றால் அது உங்கள் பஞ்சாயத்துக்கு உரியதே அல்ல. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இந்தப் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும். மூத்த பெண் ஊழியர்தான் அதன் தலைவர். உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள், வெளியாள் ஒருவரும் உண்டு. சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்கலாம், தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டலாம். பத்துப் பேருக்குக் குறைவான சின்ன யூனிட் என்றால் மாவட்டத்தில் உள்ளூர்க் குழு இருக்கிறது. உங்கள் வேலை, புகாரை எழுத உதவுவது, குழுவிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது, புகார் கொடுத்தவரை மெஷின் மாற்றிப் பழிவாங்காமல் பார்த்துக்கொள்வது. "ரெண்டு பேரையும் உட்கார வச்சுப் பேசி முடிச்சுட்டேன்" என்று பெருமையாகச் சொல்லும் சூப்பர்வைசர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பின்பற்ற வேண்டாம்.

வதந்தி வரும்போது

2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் தாக்குகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் சுற்றின. பீகார் அரசு அதிகாரிகள் குழுவையே இங்கே அனுப்பிப் பார்த்தது. அதே வாரம் ஹோலி. ஸ்டேஷனில் கூட்டத்தைப் பார்த்தவர்கள் "பயந்து ஓடுகிறார்கள்" என்றார்கள். பண்டிகைக்குப் போனவர்களும் அதில் இருந்தார்கள், உண்மையிலேயே பயந்து கிளம்பியவர்களும் இருந்தார்கள், வீட்டிலிருந்து அம்மா அழுது கூப்பிட்டதால் போனவர்களும் இருந்தார்கள். கூட்டத்தைப் பார்த்து ஒரே காரணம் சொல்வது எவ்வளவு சுலபம் பாருங்கள். அப்படி ஒரு நாள் வந்தால் மைக்கில் அறிவிப்பதோடு நிற்காதீர்கள். ஹாஸ்டலுக்கு நேரில் போங்கள், அவர்கள் வீட்டுக்கு வீடியோ காலில் பேச வையுங்கள், கிளம்புகிறவரைத் தடுக்காமல் கணக்கு முடித்து அனுப்புங்கள். பணத்தைப் பிடித்து வைத்தால் வதந்தி உண்மை என்று அவர்கள் நம்புவதற்கு நீங்களே ஆதாரம் கொடுத்ததாகிவிடும்.

மேனேஜரிடம் போகும்போது

புரொடக்ஷன் ஏறிய வாரம் "நான் லைனைச் செட் பண்ணினேன்", இறங்கிய வாரம் "ஆளுங்க சரியில்லை" என்று சொல்லத் தோன்றும். எல்லாருக்கும் தோன்றுவதுதான். மேனேஜருக்கும் இது பழக்கமான பாட்டு. அவர் காதில் வாங்க மாட்டார்.

நோட்டைக் கொண்டுபோங்கள். "செவ்வாயும் வியாழனும் காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை ஓவர்லாக் 4, 6, 7 மூன்றிலும் பண்டலுக்குக் காத்திருந்தார்கள். ஆறில் ஆள் மாற்றிப் பார்த்தேன், தையல் அப்போதும் விட்டது" என்று சொல்லிப் பாருங்கள். ஹெல்பர் கிடைப்பதும் மெக்கானிக் வருவதும் இந்த மாதிரிப் பேச்சுக்குத்தான். "ஆளை மாத்துங்க" என்று மட்டும் போய் நின்றால் ஆளை மாற்றிக் கொடுப்பார்கள். புது ஆளும் அதே ஆறாம் நம்பர் மெஷினில்தான் உட்காருவார்.